புது மாண்டலின் வந்திருக்கிறதா? முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வழிகாட்டி

பார்சல் வந்ததும் பிரிக்காதீர்கள். செய்தவருக்கு எழுதி, மரம் எது, கழுத்து எவ்வளவு தடிமன் என்றெல்லாம் பேசி முடித்து, முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து வரவழைத்த கருவி. இன்னும் ஒரு ராத்திரி பொறுத்தால் குடி முழுகிப்போகாது. விமானத்தின் சரக்கு அறையில் குளிர்ந்து வந்த மரத்தை நம் மலேசியச் சுங்கை சிப்புட் மத்தியான வெக்கையில் திறந்தால் வார்னிஷில் மெல்லிய கீறல்கள் ஓடக்கூடும். குளிர்ந்த பலகை மேல் காற்றிலுள்ள ஈரம் முத்து முத்தாகப் படியவும் செய்யும். அட்டைப்பெட்டியோடு அப்படியே வீட்டின் உள்ளறையில், தரையில் படாமல் ஒரு நாற்காலி மேல் வைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் குறிப்புகள் மேல்பலகையையும் முதுகுப் பலகையையும் வளைவாகச் செதுக்கி, இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளை விட்டுச் செய்யும் மாண்டலினுக்கு. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரத்து முகம், மேப்பிள் மரத்து முதுகு. கையால் செய்து விற்பவர்கள் இன்றைக்கு அதிகமாகச் செய்வது இந்த வகைதான். அமெரிக்காவில் கிப்சன் கம்பெனியில் லாய்ட் லோர் 1922 முதல் 1924 வரை கையெழுத்திட்டு வெளிவிட்ட எஃப்-5 மாண்டலின்களின் அச்சில்தான் பலரும் இன்னும் செதுக்குகிறார்கள். பூசணிக்காய் முதுகு கொண்ட பழைய இத்தாலிய வகை உங்களிடம் இருந்தால், ஈரம் பற்றிய பகுதி உங்களுக்கும் பொருந்தும். கம்பி விஷயம் மட்டும் பொருந்தாது. அதற்கு மிக மெல்லிய கம்பிதான் போட வேண்டும், கனமான கம்பி அதன் முகத்தை அமுக்கிவிடும்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அவர்கள் பயமெல்லாம் வறட்சி. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு மரம் வெடித்துவிடும், ஆகவே பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வையுங்கள் என்பார்கள். அதை இங்கே செய்தால் ஒரே மாதத்தில் பெட்டிக்குள் பூஞ்சை பூத்துவிடும். நம் பாடு நேர் எதிர். ஆகவே புது மாண்டலினைப் பழக்குவது என்றால் நம் ஊரில் இரண்டு வேலை: மரத்தை நிலையான ஓர் ஈரத்தில் குடியமர்த்துவது, தினமும் எல்லா இடத்திலும் வாசிப்பது. இந்த இரண்டும் நடந்த பிறகே மற்ற திருத்தங்கள்.

திறந்ததும்

முதலில் கண், பிறகு கை. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மேல்பலகை மேல் ஓட்டுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத விரிசல், சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கோடாகத் தெரியும். பலகையும் பக்கவாட்டும் சேரும் ஓரம், கழுத்து உடம்போடு சேரும் அடிப்பகுதி, எஃப் துளைகளின் முனைகள், இந்த மூன்று இடத்தையும் நிதானமாகப் பாருங்கள். ஏதாவது தென்பட்டால் கம்பியை ஏற்றாமல் படம் எடுத்துச் செய்தவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பிரிட்ஜ் (வீணையில் குதிரை என்பது) ஒட்டப்பட்டிருக்காது. கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். அனுப்பும்போது கம்பியைத் தளர்த்தியிருந்தால் அது இடம் மாறியிருக்கும். சிலர் கழற்றித் துணியில் சுற்றித் தனியாகவே வைத்திருப்பார்கள். பதறாதீர்கள், அதற்குக் கீழே வழி சொல்கிறேன்.

பிறகு ஒரு இரும்பு அடிக்கோலும் ஒரு நோட்டும். 12ஆவது ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல்தலைக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். கனத்த ஜி கம்பியில் 2 மி.மீ. அருகிலும், மெல்லிய ஈ கம்பியில் ஒன்றரை மி.மீ. அருகிலும் இருந்தால் வழக்கமான அளவு. அன்றைய தேதி, அறையின் ஈர அளவு இரண்டையும் பக்கத்திலேயே குறியுங்கள். பிரிட்ஜ் நிற்கும் இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்கு டேப் ஒட்டுவது வேண்டாம். புது வார்னிஷ் டேப்போடு உரிந்து வரும்.

வார்னிஷ் வாசனை இன்னும் அடிக்கிறதென்றால் அது முழுதாகக் காயவில்லை. கைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுகப் பல வாரம், சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும். அதுவரை ரப்பர் பிடி வைத்த ஸ்டாண்டில் மாட்டாதீர்கள். ரப்பரும் புது லேக்கரும் (வார்னிஷ் போன்ற மேற்பூச்சு) சேர்ந்தால் அந்த இடம் பிசுபிசுத்துக் கறை விழும். சூடான பெட்டிக்குள் நாள் முழுக்கக் கிடந்தாலும் உள்ளே இருக்கும் வெல்வெட் துணியின் அச்சு முதுகில் பதிந்துவிடும்.

சுருதி

மாண்டலினுக்கு எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. வயலினைப் போலவே தடிமனான பக்கத்திலிருந்து ஜி, டி, ஏ, ஈ. அடுத்தடுத்த ஜோடிகளுக்கு இடையே பஞ்சம தூரம். எட்டும் சேர்ந்து ஏறத்தாழ 70, 80 கிலோ இழுப்பு அந்தச் சின்ன உடம்பின் மேல் இருக்கிறது. தளர்ந்து வந்த கம்பியை ஒரே மூச்சில் ஏற்றிவிடாமல், எல்லாவற்றையும் ஒரு சுற்று பாதிவரை, இன்னொரு சுற்று முக்கால்வரை, பிறகு முழுச் சுருதிக்கு என்று ஏற்றுங்கள். கடைசி ஜோடியை ஏற்றி முடிக்கும்போது முதல் ஜோடி இறங்கியிருக்கும். பலகை கொஞ்சம் அமுங்குகிறது, அவ்வளவுதான். மறுபடி ஒரு சுற்று வாருங்கள்.

எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். தாண்டிவிட்டால் இறக்கிவிட்டு மறுபடி ஏறுங்கள். ஜோடியில் ஒன்றை விரலால் அமுக்கி மற்றதை மட்டும் மீட்டி ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) பாருங்கள். அடுத்து அதன் துணைக் கம்பியை ட்யூனரை நம்பாமல் காதால் சேருங்கள். இரண்டும் சேரச் சேர வவ்வவ் என்று அலையடிப்பது மெதுவாகி நின்றுபோகும். அந்த நிற்கும் இடம்தான் சுருதி. தொடக்கத்தில் இதற்கே கால் மணி நேரம் போகும், போகட்டும்.

சேர்க்கும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டுச் சுருதி குதிக்கிறதா? தலைப்பக்கம் கம்பிகள் தாண்டிவரும் சிறு கட்டையான நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. கம்பியை விலக்கி, 2பி பென்சிலைக் கூர்மையாகச் சீவி அந்தப் பள்ளத்தில் நாலு தடவை தேய்த்தால் சரியாகிவிடும். உதிரி ஈ கம்பி இரண்டு எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். 0.011 அங்குலம் தடிமனே உள்ள கம்பி, வெள்ளிக்கிழமை பூசைக்குப் புறப்படும் நேரம் பார்த்துத்தான் அறும்.

பிரிட்ஜ்: புதியவர்கள் கவனிக்காமல் விடும் இடம்

மாண்டலினைப் பக்கவாட்டில் கண் மட்டத்துக்குத் தூக்கி பிரிட்ஜை மட்டும் பாருங்கள். அடிக்கட்டை, அதன் மேல் இரண்டு சின்னப் பித்தளைச் சக்கரம், அவற்றின் மேல் கம்பி உட்காரும் சேணம். ஒவ்வொரு தடவை சுருதி ஏற்றும்போதும் கம்பி நட்டுப் பக்கமாக நகர்கிறது, சேணத்தின் தலையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. புதுக் கம்பி நீள நீள நீங்கள் ஏற்றிக்கொண்டே இருப்பீர்கள், பிரிட்ஜும் முன்னால் சாய்ந்துகொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் படாரென்று கவிழ்ந்து மேல்பலகையில் குழி விழும். கவிழாவிட்டாலும் சாய்ந்தே நின்று சேணம் நிரந்தரமாக வளைந்துபோகும்.

திருத்துவது எளிது. எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் இறக்குங்கள். இரண்டு கட்டைவிரலும் அடிக்கட்டையைப் பிடித்திருக்க, ஆட்காட்டி விரல்களால் சேணத்தின் தலையை டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனையை மாட்டும் தகடு) பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். பிரிட்ஜின் பின்முகம், அதாவது டெயில்பீஸைப் பார்க்கும் முகம், பலகைக்கு நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும் இதைப் பாருங்கள். அடிக்கட்டையின் இரண்டு பாதமும் பலகையின் வளைவில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு தாள் துண்டு அடியில் நுழைந்தால் அங்கே சத்தம் பலகைக்குப் போகாமல் தங்கிவிடுகிறது என்று பொருள்.

பிரிட்ஜ் நகர்ந்திருந்தால் இடம் கண்டுபிடிப்பது இப்படி. 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலால் மெதுவாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். அதே ஃபிரெட்டை அழுத்தி வாசித்தும் பாருங்கள். அழுத்தின சுரம் கூடுதலாக இருந்தால் பிரிட்ஜை டெயில்பீஸ் பக்கம் அரை மி.மீ. நகர்த்துங்கள். குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். ஜி ஜோடிக்கு ஒரு பக்கம், ஈ ஜோடிக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஆகவே பிரிட்ஜ் கொஞ்சம் கோணலாக நிற்பது தப்பில்லை. நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை உள்ள தூரத்தை அளந்து, அங்கிருந்து அதே தூரத்தில் பிரிட்ஜை வைத்துத் தொடங்கினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மி.மீ. பின்னால் தள்ளும் வேலைதான் மிஞ்சும். வழக்கமான மாண்டலினில் அந்தத் தூரம் சுமார் 176 மி.மீ.

இதனால்தான் கம்பி மாற்றும்போது எட்டையும் மொத்தமாகக் கழற்றக் கூடாது என்கிறோம். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, சுருதிக்கு ஏற்றிவிட்டு, அப்புறம் அடுத்தது.

ஈரம்

காலையில் ரப்பர் மரத்தடியில் பனி சொட்டும்போது காற்றில் ஈரம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு அதே காற்று 60க்குப் பக்கம் இறங்கும். நாலு மணி மழைக்கு மறுபடி ஏறும். உங்கள் மாண்டலினோ 40க்கும் 50க்கும் நடுவே ஈரத்தைக் கட்டுப்படுத்தின பட்டறையில் பிறந்தது. இங்கே வந்ததும் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும். வளைவான மேல்பலகை சற்று மேலே எழும், கூடவே பிரிட்ஜும் எழும். கம்பி ஃபிரெட்டிலிருந்து விலகி அழுத்தக் கஷ்டமாகும், சுருதி தானாகவே ஏறும், சத்தம் கம்பளி போர்த்தின மாதிரி மந்தமாகும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோய்ச் செய்தவரைத் திட்டுகிறார்கள். மாண்டலினில் கோளாறு இல்லை, அது இன்னும் ஊருக்குப் பழகவில்லை.

முதல் வேலையாக ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள். ஷாப்பி இணையக் கடையில் பத்து இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைப்பது போதும், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சமையலறை உப்பால் சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு இராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அந்தப் பைக்குள் ஈரம் 75 விழுக்காட்டில் நிற்கும், இது உப்பின் இயல்பு. காலையில் மானி 70 காட்டினால், அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, மாண்டலின் எங்கே குடியிருக்கப் போகிறது? வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். மழையில் ஊறின செங்கல் சுவர் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். சிங்க் கூரைக்கு நேர் கீழே பரண் மேலும் வேண்டாம், பகல் சூடு அங்கே தாங்காது. உள்சுவர்ப் பக்கம், அலமாரிக்குள், தரையிலிருந்து உயரமாக. பெட்டியின் ரப்பர் ஓரம் இறுக்கமாக மூடுகிறதா என்று ஒரு தாளை நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் காற்று உள்ளே போய் வருகிறது.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகையாக வாங்குங்கள், அதிலும் ஆரஞ்சு நிறத்தில் தொடங்கிப் பச்சையாக மாறுவது நல்லது. நீலநிற வகையில் கோபால்ட் சேர்ப்பார்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது எதற்கு? பச்சையானதும் அவன் அடுப்பில் 110, 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் காயவைத்தால் பழையபடி ஆரஞ்சாகிவிடும், வருடக்கணக்கில் உழைக்கும். 49 விழுக்காட்டுக்கு ஈரத்தை நிறுத்தும் இருவழிப் பொட்டலங்களும் விற்கிறார்கள். நல்ல பொருள்தான், ஆனால் நம் ஊரில் பெட்டி இறுக மூடாவிட்டால் கொஞ்ச நாளிலேயே தண்ணீர் குடித்து உப்பிவிடும், காசுக்குக் கேடு. கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ட்ரை கேபினெட் (ஈரத்தைக் குறைக்கும் மின்சார அலமாரி) எல்லாவற்றையும்விட மேல். மாண்டலின் சுமார் 70 செ.மீ. நீளம் வரும், உள்ளளவைப் பார்த்து வாங்குங்கள்.

எந்த எண்ணைக் குறி வைப்பது? புத்தகங்கள் 45, 50 என்று சொல்லும். சுங்கை சிப்புட்டில் அதற்காக மல்லுக்கட்டுவது வீண் என்பது என் கருத்து. 55க்கும் 60க்கும் நடுவில் அசையாமல் நின்றால் எனக்குப் போதும். இன்றைக்கு ஏர்கோன் அறையில் 45, நாளைக்கு வராந்தாவில் 85 என்று ஆட்டி வைப்பதுதான் மரத்தைக் கெடுக்கிறது. படுக்கையறையில் இராத்திரி மட்டும் ஏர்கோன் போடுகிறீர்கள் என்றால் மாண்டலினை அங்கே திறந்து வைக்காதீர்கள். பெட்டிக்குள் மூடி வையுங்கள், ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும்.

என்ன வாசிப்பது

முதல் மாதத்தில் தினமும் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாலு மணி நேரம் வாசித்துவிட்டு வாரம் முழுக்கத் தொடாமல் இருப்பதில் மரத்துக்கும் லாபம் இல்லை, விரலுக்கும் லாபம் இல்லை. ஜோடிக் கம்பி விரல் நுனியை அறுக்கத்தான் செய்யும். கொப்புளம் வந்தால் ஒரு நாள் விடுங்கள், உடைக்காதீர்கள்.

பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) கனமாக இருக்கட்டும், 1.2 முதல் 1.5 மி.மீ. வரை, முனை கொஞ்சம் உருண்டதாக. மெல்லிய பிக் கம்பியில் படும்போது தானே வளைந்துவிடுகிறது, பலகையை அசைக்க அதனால் முடியாது. மணிக்கட்டைத் தளர்த்தி, பிக்கை இறுகப் பிடிக்காமல் வாசியுங்கள். உட்காரும்போது மாண்டலினின் முதுகை வயிற்றோடு ஒட்டி அணைக்காதீர்கள். முதுகுப் பலகையும் அதிர வேண்டிய பலகைதான். ஒரு வார் மாட்டி, விளிம்பு மட்டும் உடம்பில் படும்படி சற்றுச் சாய்த்துப் பிடித்தாலே சத்தம் கூடுவது உங்கள் காதுக்கே தெரியும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு மாண்டலினில் ஒரு பெரிய வசதி உண்டு. அடுத்தடுத்த ஜோடிகள் பஞ்சம தூரத்தில் இருப்பதால், டி ஜோடியைத் திறந்து மீட்டுவது ஸ என்றால் ஏ ஜோடியைத் திறந்து மீட்டுவது ப. மாயாமாளவகௌளைக்கு டி ஜோடியில் திறந்த கம்பி, 1, 4, 5 ஆகிய ஃபிரெட்கள்: ஸ ரி க ம. ஏ ஜோடியில் அதே திறந்த கம்பி, 1, 4, 5: ப த நி ஸ். விரலும் மாறுவதில்லை, ஆட்காட்டி, நடுவிரல், மோதிரவிரல். சங்கராபரணம் வேண்டுமா? இரண்டு ஜோடியிலும் திறந்தது, 2, 4, 5. கரகரப்பிரியாவுக்கு 2, 3, 5. தோடிக்கு 1, 3, 5. பூர்வாங்கமும் (ஸ முதல் ம வரை) உத்தராங்கமும் (ப முதல் மேல் ஸ வரை) ஒரே அமைப்பில் இருக்கும் மேளங்கள் எல்லாமே இப்படி ஒரே விரலடியில் இரண்டு தரம் வந்துவிடும்.

ஆகவே சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையைவிடப் பொருத்தமான பழக்கும் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. முதல் வாரம் டி, ஏ ஜோடிகளில். இரண்டாம் வாரம் அதையே ஜி, டி ஜோடிகளுக்கு நகர்த்துங்கள். மூன்றாம் வாரம் ஏ, ஈ. இப்படி நான்கு ஜோடியும் சமமாக உழைக்கும். அதற்குப் பிறகு ஒரே ஜோடியில் 12ஆவது ஃபிரெட் வரை ஏறி இறங்குங்கள். பெரும்பாலானவர்கள் முதல் ஐந்து ஃபிரெட்டிலேயே குடித்தனம் நடத்துவார்கள், மேலே உள்ள சுரங்கள் வருடக்கணக்கில் ஊமையாகக் கிடக்கும். கடைசிப் பத்து நிமிடம் ஸ-வையும் ப-வையும் சேர்த்து, பிக்கைக் கீழும் மேலும் வேகமாக ஓட்டி, நீளமாக அதிரவிடுங்கள். பலகை முழுவதும் ஆடுவது முன்கையில் தெரியும்.

மத்தியான மழை சிங்க் கூரையில் கொட்டும்போது உங்கள் மாண்டலின் உங்களுக்கே கேட்காது. அந்த நேரம் பார்த்துப் பலமாக வாசியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, பற்றி ஒரு வார்த்தை. மாண்டலின் என்றதும் நம்மில் பலருக்கு 2014இல் மறைந்த யூ. ஸ்ரீநிவாஸ்தான் ஞாபகம் வருவார். அவர் கையில் இருந்தது வேறு கருவி: ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். எட்டுக் கம்பியும் காற்றறையும் உள்ள உங்கள் மாண்டலினில் ஜோடிக் கம்பியை இழுத்து அசைப்பது கடினம், இரண்டு கம்பியும் ஒரே அளவில் இழுபடாமல் சுருதி பிசகும். அவர் வாசித்த மாதிரி வரவில்லையே என்று மெல்லிய கம்பிக்கு மாறாதீர்கள். ஜாரு எடுத்து ஃபிரெட் மேல் வழுக்கிப் போங்கள், அது இந்த மாண்டலினுக்கு அழகாக வரும். செய்தவர் போட்டு அனுப்பிய கம்பி அளவிலேயே முதல் ஆறு மாதத்தைக் கழியுங்கள். நட்டின் பள்ளங்கள் அந்த அளவுக்குத்தான் வெட்டப்பட்டிருக்கும்.

வியர்வையும் கொசுத் தைலமும்

கொசு விரட்டித் திரவங்கள் பலவற்றில் டீட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது பிளாஸ்டிக்கை இளக்கும், லேக்கரையும் வார்னிஷையும் கரைக்கும். தடவின முன்கையை மாண்டலின் விளிம்பில் வைத்து ஒரு பாட்டு வாசித்தால் அந்த இடத்துப் பளபளப்பு போய்க் கைத்தடம் பதிந்துவிடும். அதற்காக டெங்கி ஊரில் கொசுவைக் கடிக்கவிடச் சொல்லவில்லை. வாசிக்கும்போது நீளக் கைச் சட்டை போடுங்கள், காலுக்கு மட்டும் தடவுங்கள், தடவின கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மின்விசிறியை நேராக உங்கள் மேல் வைத்துக்கொள்ளுங்கள். தலைவலித் தைலம், தேங்காய் எண்ணெய், விபூதி எல்லாவற்றுக்கும் இதே கைகழுவல்தான்.

முடித்ததும் துவைத்துப் பழகின வேட்டித் துணியால் ஒவ்வொரு ஜோடிக்கும் அடியில் நுழைத்துத் துடையுங்கள். துரு பிடிப்பது அடிப்பக்கத்தில்தான். பாலிஷ் எதுவும் ஆறு மாதத்துக்கு வேண்டாம். இங்கே பூச்சு இல்லாத கம்பி ஒன்றரை, இரண்டு மாதத்தில் செத்துவிடும்; மேற்பூச்சு உள்ளவை விலை கூடுதல், ஆனால் நம் வியர்வைக்கு நன்றாகத் தாங்கும்.

வெயிலில் நிறுத்தின காருக்குள் வைத்துவிட்டு பசாருக்குப் போகாதீர்கள். உள்ளே 60 டிகிரியைத் தாண்டும்போது பசை இளகும், கழுத்து சாயும். அதற்குப் பிறகு எந்த வழிகாட்டியும் உதவாது.

மரம் திறக்குமா?

வாசிக்க வாசிக்க மரம் திறந்து நாதம் கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் சில வாரங்களில் மாற்றம் வரும், அது நிஜம். வார்னிஷ் இறுகுகிறது, பலகை இழுப்புக்கு உட்காருகிறது, ஈரம் சமனாகிறது, பிரிட்ஜின் பாதம் பொருந்துகிறது, உங்கள் வலது கை எங்கே மீட்டினால் எப்படிப் பேசும் என்று கற்றுக்கொள்கிறது. இவற்றைத் தாண்டி, வாசிப்பதால் மட்டும் மரமே மாறுகிறதா என்பது வழக்கில் இருக்கும் விஷயம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒருவரே ஒரே மாதிரி மரத்தில் செய்த இரண்டு வயலின்களை எடுத்து, ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்து, மற்றதை ஒரு தொழில்முறைக் கலைஞரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்துச் சோதித்தபோது, கேட்டவர்களாலும் வாசித்தவர்களாலும் இரண்டுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 2005இல் அந்த முடிவு வெளியானது. இரண்டே வயலின், மூன்றே வருடம் என்பதையும் மறக்க வேண்டாம், மாண்டலினுக்கு அது கடைசித் தீர்ப்பு ஆகாது. ஆனால் கம்பி மேல் மாட்டி நாள் முழுக்க அதிரவைக்கும் கருவியை நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்குமுன் இதை நினைத்துப் பாருங்கள். அந்தக் காசுக்கு ட்ரை கேபினெட் வாங்கிவிடலாம்.

மாற்றத்தை அறிய வேண்டுமானால் மாதம் ஒரு முறை, அதே அறை, அதே நாற்காலி, கைப்பேசி அதே தூரத்தில், அதே சரளி வரிசை. நோட்டில் ஈர அளவையும் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பினால் போன மாதச் சத்தம் எப்போதும் மட்டமாகத்தான் தோன்றும்.

மூன்றாம் மாதம்

இப்போது அடிக்கோலை மறுபடி எடுங்கள். 12ஆவது ஃபிரெட்டில் இடைவெளி முதல் நாளைவிட அரை மி.மீ. கூடியிருந்தால் மரம் ஊதி நின்றிருக்கிறது. ஈர அளவு இரண்டு மூன்று வாரமாக நிலையாக இருந்தால் மட்டும் திருத்துங்கள். கம்பிகளைத் தளர்த்திவிட்டு, பிரிட்ஜின் இரண்டு சக்கரங்களையும் கால் சுற்று இறக்கிப் பாருங்கள். தளர்த்தாமல் திருகினால் சக்கரம் சேணத்தைக் கடித்துக் கெடுக்கும்.

கழுத்தின் வளைவு வேறு கணக்கு. ஜி கம்பியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடம்போடு சேரும் ஃபிரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். 7ஆவது ஃபிரெட்டில் ஒன்றிரண்டு தாள் நுழையும் அளவு, அதாவது 0.1 முதல் 0.2 மி.மீ., இடைவெளி இருந்தால் நல்லது. அதைவிட அதிகமென்றால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சற்று முறுக்க வேண்டும். செய்தவரிடம் கேட்டுவிட்டு, ஒரு தரத்துக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் போகாமல், ஒரு நாள் விட்டுப் பார்த்துச் செய்யுங்கள். கை நடுங்குகிறதென்றால் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ கொண்டுபோங்கள். போவதற்கு முன் அந்தப் பட்டறைக்காரரிடம், ஒட்டாத பிரிட்ஜ் உள்ள கருவியில் வேலை செய்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கித்தார் மட்டுமே பார்த்தவர்கள் பிரிட்ஜை ஒட்டிவிட்டுத் திருப்பித் தந்த கதையும் உண்டு. வயலின் பழுது பார்ப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கோயிலுக்கு எடுத்துப் போகும்போது

இந்த நேரத்தில் யாராவது உங்களை மாரியம்மன் கோயில் உபயத்துக்கோ நவராத்திரி பஜனைக்கோ கூப்பிடுவார்கள். போங்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போய், பெட்டியை மூடியபடியே வைத்திருந்துவிட்டுத் திறந்து சுருதி சேருங்கள். சூடம் கொளுத்தும் இடத்துக்கும் சுழலும் பெரிய விசிறிக்கும் தள்ளி உட்காருங்கள். ஹார்மோனியம் 440இல் (ட்யூனரின் வழக்கமான ஏ சுருதி) இருக்காது என்றே வைத்துக்கொண்டு அதற்குச் சேருங்கள், அது உங்களுக்காக மாறப்போவதில்லை.

பாடும் அம்மா தன் சுருதி ஐந்தரைக் கட்டை என்பார். அது ஜி-க்கும் ஏ-க்கும் நடுவே உள்ள சுரம். உடனே எட்டுக் கம்பியையும் அரைக் கட்டை ஏற்றத் தோன்றும். புது மாண்டலினில் அதைச் செய்யாதீர்கள், இழுப்பு கூடும், ஈ கம்பி அறும். எட்டையும் அரைக் கட்டை இறக்குங்கள். இப்போது ஏ ஜோடியைத் திறந்து மீட்டினால் அதுவே ஐந்தரைக் கட்டை ஸ, பக்கத்து ஈ ஜோடி ப. சரளி வரிசை வாசித்த அதே விரலடியில் பாட்டுக்கு வாசித்துவிடலாம். தாழ ஸ வேண்டுமென்றால் ஜி ஜோடியில் 2ஆவது ஃபிரெட்டும், தாழ ப-வுக்கு ஜி ஜோடியில் 9ஆவது ஃபிரெட்டும் இருக்கின்றன. கம்பி தளர்ந்திருப்பதால் சற்று மென்மையாக மீட்டுங்கள், இல்லாவிட்டால் ஃபிரெட்டில் உரசும். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, பழைய சுருதிக்கு ஏற்றி, பிரிட்ஜ் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.